ஓரிரவுக் கோட்டைகள்

பகைநாட்டின் நடுவே நாள் முழுதும் நடந்து வந்த படை, பொழுது சாயுமுன் ஓரிடத்தில் தங்கியாக வேண்டும். களைத்த வீரன் விரும்புவன உணவும் உறக்கமுமே. ஆயின் உரோமப் படைவீரனுக்கு அவை இரண்டும் உடனே கிட்டுவதில்லை. தோளில் சுமந்து வந்த மூட்டையை இறக்கியதும் அவன் கையில் எடுப்பது மண்வெட்டியே. அகழி தோண்டி, மண்மேடு எழுப்பி, மேட்டின்மேல் கூரிய கழிகளை நட்டு முடித்த பின்னரே அவனுக்கு அடுப்பும் படுக்கையும். மறுநாட் காலையில் அவ்வளவையும் விட்டுப் புறப்பட்டு, அன்று மாலை வேறோரிடத்தில் அதே வேலையை மீண்டும் தொடங்குவான்.

இவ்வாறு எழுந்த பாசறைகள் பிரிட்டன் முதல் அரேபியப் பாலைவனம் வரை பரவிக் கிடக்கின்றன. உரோமர் கல்லாற் கட்டிய கோட்டைகளும் நகரங்களும் புகழ்பெற்றவை; அவற்றைக் காண மக்கள் திரள் திரளாகச் செல்கின்றனர். மண்ணால் ஆகிய இப்பாசறைகளையோ, அவற்றின்மீது நடந்து செல்வோரும் அறியார். எனினும், உரோமப் படை எவ்வழியே சென்றது, எத்துணைப் பெரிதாய் இருந்தது, எங்கே தங்கியது என்னும் வினாக்களுக்கு விடை தருவன இம்மண் வரைகளே.

பாசறை அமைக்கும் முறையைப் பண்டை ஆசிரியர் இருவர் விரிவாக எழுதியுள்ளனர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பொலிபியசு என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஒருவர். படைக்கு முன்னரே அளவையாளர் சிலர் சென்று தக்க நிலத்தைத் தேர்ந்தெடுப்பர் என்றும், தலைவனின் கூடாரம் அமையும் இடத்தில் வெண்கொடி நாட்டுவர் என்றும், அதிலிருந்து அளந்து பிற இடங்களில் செங்கொடிகள் நாட்டுவர் என்றும் அவர் கூறுகிறார். பின்னே வரும் வீரர், கொடிகளைக் கண்ட அளவிலேயே தத்தம் இடத்தை அறிந்துகொள்வர். பிறந்த ஊருக்குத் திரும்பியவன் தன் தெருவையும் வீட்டையும் கண்டுகொள்வது போன்றது அது என்கிறார் பொலிபியசு.

மற்றவர் யோசேபசு என்னும் யூதர். கி.பி. 67-இல் உரோமரை எதிர்த்துப் போரிட்டுச் சிறைப்பட்டவர் அவர். பகைவராய் இருந்து கண்டதை வியப்போடு எழுதினார். மேடுபள்ளமான நிலத்தை உரோமர் முதலில் சமப்படுத்துவர். நாற்புறமும் வாயில் வைப்பர். உள்ளே தெருக்களை ஒழுங்குபட வகுப்பர். கண்மூடித் திறப்பதற்குள் ஒரு நகரமே எழுந்துவிட்டது போலத் தோன்றும் என்பது அவர் கூற்று. புறப்படும்போது மும்முறை எக்காளம் ஊதப்படும். முதல் ஒலிக்குக் கூடாரங்கள் விழும். அடுத்த ஒலிக்கு மூட்டைகள் கோவேறு கழுதைகளின் மீது ஏறும். பாசறைக்கும் தீ வைக்கப்படும். விட்டுச் சென்ற அரணைப் பகைவர் பயன்படுத்திவிடலாகாது அன்றோ?

எட்டு வீரருக்கு ஒரு தோற்கூடாரம். பத்துக் கூடாரங்கள் சேர்ந்தால் எண்பது வீரர் கொண்ட ஒரு பிரிவு. அத்தகைய வரிசைகள் தெருத்தெருவாக நிற்கும். மண்மேட்டிற்கும் கூடாரங்களுக்கும் இடையே அகன்ற வெற்றிடம் விடப்படும். வெளியிலிருந்து பகைவர் எறியும் வேலும் தீப்பந்தமும் கூடாரத்தை எட்டாதிருத்தற்கே அந்த இடைவெளி. பாசறையின் நான்கு மூலைகளும் கூராக இல்லாமல் வளைந்திருக்கும். இவ்வளைவை நினைவில் இருத்துதல் நன்று. பின்னே அது பெரிதும் பயன்படும்.

பண்டைத் தமிழரும் பாசறை அமைப்பதில் தேர்ந்தவரே. பத்துப்பாட்டில் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, காட்டை வெட்டி முள்வேலியிட்டு அமைத்த அரசனது பாசறையை வருணிக்கிறது. அங்கே அரசனது இல்லத்தைக் காத்து நிற்பவர் யவனர் என்றும் அது கூறுகிறது. கிரேக்கரையும் உரோமரையும் தமிழர் யவனர் என்றே அழைத்தனர்.

நிற்க. தீயிட்டு, குலைத்து, விட்டுச் சென்ற ஓர் இருப்பிடத்தில் பதினெட்டு, பத்தொன்பது நூற்றாண்டுகட்குப் பின்னர் என்ன எஞ்சும்? தோல் மக்கிவிடும். கழிகளை வீரர்கள் உடன் எடுத்துச் சென்றுவிடுவர். மண்மேடு மழையில் கரையும்; ஏர் அதனைச் சமன்செய்யும். எஞ்சுவது அகழி ஒன்றே. அதுவும் குழியாக எஞ்சுவதன்று; தூர்ந்துபோன குழியாகவே எஞ்சுகிறது. தூர்ந்த குழியை எவ்வாறு கண்டுபிடிப்பது? இவ்வினாவிற்கு விடை தந்தவை பார்லிப் பயிரும் ஆகாய விமானமுமாகும்.

நிலத்தைத் தோண்டியபின் மீண்டும் நிரப்பினால், அவ்விடம் ஒருபோதும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அகழியின் இருபுறமும் உள்ள அடிநிலம் கெட்டியானது; பெரும்பாலும் சரளையோ மணலோ ஆகும். அகழிக்குள் காலப்போக்கில் விழுந்து நிரம்பியதோ மேல்மண்; அது மென்மையும் உரமும் உடையது; ஈரத்தை நெடுநாள் தாங்குவது. மழை பொய்த்த கோடையில் சுற்றியுள்ள பயிர் வாடி மஞ்சள் நிறம் அடையும். அகழியின் மேல் நிற்கும் பயிரின் வேர் மட்டும் ஆழச் சென்று ஈரத்தைப் பற்றிக்கொள்ளும். ஆகவே அப்பயிர் உயர்ந்தும் பசுமையாகவும் நிற்கும், பிந்தியே முதிரும். வயலின் வரப்பில் நிற்கும் உழவனுக்கு இது திட்டுத் திட்டான பசுமையாகவே தோன்றும். சில நூறு மீட்டர் உயரத்தில் பறப்பவனுக்கோ, மஞ்சள் வயலில் பச்சை மையால் கோடு கிழித்தாற்போல, வளைந்த மூலையும் நீண்ட பக்கங்களும் வாயில்களின் இடைவெளியும் தெளிவாகப் புலப்படும். நிலத்தடியில் கற்சுவர் இருப்பின் இதற்கு நேர்மாறாக அதன் மேலுள்ள பயிர் முந்தி வாடும். உழவர்க்கு வருத்தம் தரும் வறட்சி ஆண்டுகள் தொல்பொருள் ஆய்வாளர்க்கு விளைச்சல் ஆண்டுகளாக அமைகின்றன. 1976-ஆம் ஆண்டும் 2018-ஆம் ஆண்டும் பிரிட்டனில் அத்தகையவை.

முதல் உலகப்போரில் விமானத்திலிருந்து வேவு பார்த்த ஓ. ஜி. எஸ். கிராபோர்டு என்பவர், போருக்குப் பின் அத்திறனைப் பழம்பொருள் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945 முதல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே. கே. செயின்ட் ஜோசப் ஆண்டுதோறும் கோடையில் ஸ்காட்லாந்தின் மீது பறந்து படம் எடுத்தார். அவர் நிலவியல் கற்றவர். எந்த மண் எப்போது வாய் திறக்கும் என்பதை நன்கு உணர்ந்தவர். ஸ்காட்லாந்தில் இன்று அறியப்பட்டுள்ள பாசறைகள் இருநூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை இவ்வாறு வானிலிருந்து கண்டறியப்பட்டனவே.

விமானம் தோன்றுமுன் இத்துறையில் உழைத்தவரையும் மறத்தலாகாது. வில்லியம் ராய் என்னும் படைத்துறைப் பொறியாளர் 1747 முதல் 1755 வரை ஸ்காட்லாந்தை அளந்து வரைபடம் ஆக்கியவர்களுள் ஒருவர். தாமும் படையை நடத்திச் செல்லக் கற்றவர் ஆதலின், பழைய படைத்தலைவன் எவ்விடத்தை விரும்பியிருப்பான் என்பதை அவரால் உய்த்துணர முடிந்தது. அன்று கண்ணுக்குத் தெரிந்த மண்மேடுகளை அவர் அளந்து வரைந்தார். அவர் 1790-இல் மறைந்தார். நூல் 1793-இல் வெளிவந்தது. அவர் கண்ட மேடுகள் பலவற்றைப் பின்னர் ஏர் அழித்துவிட்டது. அவ்விடங்களுக்கு அவர் வரைந்த படங்களே இன்று சான்று.

வானிலிருந்து எடுத்த படம் வடிவத்தைக் காட்டும், காலத்தைக் காட்டாது. ஓரிரவு தங்கியவர் எறிந்து சென்ற பொருள்கள் மிகச் சில. நாணயமும் பானையோடும் கிடைத்தால் அது நற்பேறே. ஆகவே ஆய்வாளர் முதலில் வாயில்களின் அமைப்பை உற்று நோக்கினர். வாயிலில் கதவு இல்லை. பகைவர் நேரே ஓடி நுழைவதைத் தடுக்க வேறு வழி தேவைப்பட்டது. சில பாசறைகளில் வாயிலுக்கு முன்னே சில அடி தள்ளி, தனித்த குறு மேடும் அகழித்துண்டும் அமைந்திருக்கும். வேறு சிலவற்றில் வாயிலின் ஒரு பக்கத்து மேடு கொக்கிபோல் வளைந்து செல்லும். அவ்வழியே நுழைபவன் திரும்பித்தான் ஆக வேண்டும். அவன் இடக்கையில் கேடயம் பிடித்திருப்பான். திரும்பும்போது காப்பில்லாத வலப்புறம் மேட்டின் மீது நிற்பவருக்கு இலக்காகும். மூன்றாவது வகையும் உண்டு. அதில் ஒருபுறம் வளைந்த அகழியும், மறுபுறம் சாய்வாக ஓடும் நேரான அகழியும் வெளியே நீண்டிருக்கும். இது முதலில் தெளிவாக அறியப்பட்ட ஸ்ட்ரகாத்ரோ என்னும் ஊரின் பெயராலேயே வழங்கப்படுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில், அகிரிகோலா என்னும் ஆளுநர் வடக்கே படை நடத்திய காலத்திற்கு உரியது இவ்வகை என்பது ஆய்வாளர் முடிபு.

இத்தகைய வாயிலையும் வளைந்த மூலையையும் பிழையின்றி அமைப்பது எளிதன்று. வேல்சு நாட்டில் லாந்திரிந்தாத் என்னும் ஊரின் பொதுநிலத்தில் பதினைந்துக்கு மேற்பட்ட குட்டிப் பாசறைகள் கிடக்கின்றன. ஒரு பக்கம் முப்பது மீட்டர் அளவே உள்ளவை அவை. படை எதுவும் தங்கப் போதாதவை. அருகிலிருந்த கோட்டையின் வீரர்கள் பயிற்சிக்காகத் தோண்டியவை அவை. நேர்பக்கம் தோண்டுவது யாருக்கும் வரும். மூலையும் வாயிலுமே கடினம். ஆகவே பாசறையைச் சிறிதாக்கி, மூலையையும் வாயிலையும் முழு அளவில் தோண்டிப் பழகினர்.

ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பாசறைகள் காலத்தை அறிய மற்றொரு வழி ஆகும். பெர்த்சயர் பகுதியில் ஆர்டாக் என்னும் இடத்தில் பல பாசறைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. அங்கே 63 ஏக்கர் பரப்புள்ள ஒன்றும், 130 ஏக்கர் பரப்புள்ள ஒன்றும் உண்டு. இரண்டின் அகழிகளும் குறுக்கிடும் இடத்தில் தோண்டிப் பார்த்தபோது, சிறியதே முந்தியது என்பது தெரிந்தது. முந்தி என்பது தெரிந்தது. எந்த ஆண்டு என்பதோ தெரியவில்லை. கி.பி. 208 முதல் 211 வரை செப்டிமியசு செவெரசு என்னும் பேரரசர் தாமே படையுடன் வந்து வடக்கே போரிட்டார். ஆகவே பெரிய பாசறைகளை எல்லாம் அவர் காலத்தவை எனக் கொள்ளும் வழக்கம் உண்டாயிற்று. பரப்பளவு ஒத்த பாசறைகளை ஒரே படையின் அடிச்சுவடுகள் எனக் கோத்து வரைபடத்தில் கோடு இழுத்தனர்.

இக்கோடுகள் அழகியவை, ஆயினும் முழுவதும் நம்பத் தக்கவை அல்ல என்பதை அபர்டீன்சயரில் உள்ள கிண்டோர் காட்டிற்று. ஏறத்தாழ 110 ஏக்கர் பரப்புள்ள அப்பாசறையைச் செவெரசின் காலத்தது என்றே செயின்ட் ஜோசப் கருதினார். 2000-ஆம் ஆண்டு முதல், புதுக் கட்டடங்கள் எழுமுன் அதன் உட்பகுதி பரந்த அளவில் அகழப்பட்டது. அதற்குமுன் ஆய்வாளர் பாசறையின் அகழியை மட்டும் தோண்டி வந்தனர். உள்ளே ஒன்றும் இராது என்று எண்ணினர். அவ்வெண்ணம் தவறாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட அடுப்புகள் வெளிப்பட்டன. நிலத்தில் குழி தோண்டி, மண்ணால் கவித்து, உள்ளே தீ மூட்டிச் சூடேற்றி, பின்னர்த் தணலை வெளியே இழுத்துவிட்டு அப்பம் சுட்ட அடுப்புகள் அவை. செந்நிறமாகச் சுட்ட மண்ணும் கரியும் அங்கே இருந்தன. அக்கரியை ஆராய்ந்ததில், பாசறை முதல் நூற்றாண்டிற்கே உரியது என்பதற்குச் சான்று கிடைத்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட பிழை சில பிடி கரியால் திருந்தியது.

அந்நூறாண்டு ஏன் அவ்வளவு முதன்மையானது? அகிரிகோலாவின் மருமகர் தாசித்தசு என்னும் வரலாற்றாசிரியர். அவர் கி.பி. 98-இல் தம் மாமனாரின் வரலாற்றை எழுதினார். கி.பி. 83 அல்லது 84-இல் கிராபியசு மலையில் நடந்த பெரும்போரை அதில் வருணித்தார். கலெடோனியர் முப்பதினாயிரவருக்கு மேல் திரண்டனர் என்றும், அவருட் பதினாயிரவர் மடிந்தனர் என்றும், உரோமர் பக்கத்தில் இறந்தவர் 360 பேரே என்றும் அவர் கூறுகிறார். மாமனாரின் புகழை எழுதும் மருமகர் எண்ணிய எண்ணிக்கை அது என்பதை மறத்தலாகாது. தோற்றவர் எழுத்தில் ஒன்றும் விட்டுச் செல்லவில்லை. கல்ககசு என்னும் அவர்கள் தலைவன் பேசியதாக நூலில் உள்ள வீரவுரையும் தாசித்தசு இயற்றியதே. மலை எங்கே உள்ளது என்பதையும் அவர் சொல்லவில்லை. ஒரு நாட்டு மக்கள் தம் நிலத்தைக் காக்கத் திரண்டு நின்ற களம், ஒருசார்பான ஒரே நூலில் மட்டும் பெயராய் நிற்கிறது. அந்நூலைச் சரிபார்க்கக்கூடிய சாட்சி நிலம் ஒன்றே.

தாசித்தசின் நூலில் ஒரு சிறு குறிப்பு உண்டு. துணைப்படைகளை முன்னே நிறுத்திய அகிரிகோலா, உரோமப் பெரும்படைகளைப் பாசறையின் மண்மேட்டிற்கு முன்னே நிறுத்தினார் என்பதே அது. எனவே போர்க்களத்திற்கு அருகே பாசறை ஒன்று இருந்தே தீர வேண்டும். பாசறையைக் கண்டால் களத்தையும் காணலாம். 1975-ஆம் ஆண்டுக் கோடையில் செயின்ட் ஜோசப், அபர்டீன்சயரில் டுர்னோ என்னும் இடத்தில் புதிய பாசறை ஒன்றை வானிலிருந்து கண்டார். அது 144 ஏக்கர் பரப்புடையது. அப்பகுதியில் உள்ள பிற பாசறைகளினும் பெரிது. தனித்தனியே வந்த படைகள் ஒன்றுகூடித் தங்கினாற் போன்ற அளவு. அதற்குத் தென்மேற்கில் பென்னாக்கி மலை தனித்து உயர்ந்து நிற்கிறது. கலெடோனியர் திரண்ட மலை அதுவே என அவர் எழுதினார். பலர் ஏற்றனர், பலர் மறுத்தனர். டுர்னோவில் போரின் அடையாளமாகப் படைக்கலமோ இடுகுழியோ கிடைக்கவில்லை என்பது மறுப்போர் கூற்று. இருசாராரின் வழக்கும் இன்னும் முடிந்தபாடில்லை.

பிற நாடுகளில் நிலம் இத்துணைக் கடினமாக நடந்துகொள்வதில்லை. சாக்கடலின் கரையில் மசாதா என்னும் மலைக்கோட்டையை உரோமர் கி.பி. 73-ஆம் ஆண்டையொட்டி முற்றுகையிட்டனர். ஏரும் மழையும் அணுகாத பாலைவனம் ஆதலின், அங்கே கல்லடுக்கி அமைத்த எட்டுப் பாசறைகளும் அவற்றை இணைத்த சுவரும் இன்றும் மலையுச்சியிலிருந்து நன்கு தெரிகின்றன. ஜெர்மனியில் ஹெர்மஸ்கைல் என்னும் ஊரருகே உள்ள பாசறையின் காலத்தை அறிவித்தவை செருப்பாணிகள்! வாயிலில் பாவியிருந்த கற்களின் இடுக்கில், வீரர்களின் காலணியிலிருந்து கழன்று விழுந்த இரும்பாணிகள் சிக்கிக் கிடந்தன. அவற்றின் அடியில் இருந்த சிலுவைபோன்ற குறியும் நான்கு புள்ளிகளும், அவை சூலியசு சீசர் காலத்தவை என்பதைக் காட்டின. 2023-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர், செயற்கைக்கோள் படங்களை நோக்கியே யோர்தான் நாட்டுப் பாலையில் மூன்று பாசறைகளைக் கண்டறிந்து வெளியிட்டனர். அவற்றிடையே உள்ள தொலைவு 37 முதல் 44 கிலோமீட்டர் வரை ஆகும். காலாட்படை ஒரு நாளில் கடக்கத் தக்கதன்று அது. ஆகவே அவ்வழியே சென்றது குதிரையோ ஒட்டகமோ ஏறிய படையாதல் வேண்டும் என்றனர். வெறும் இடைவெளியும் வரலாறு பேசிற்று.

ஆழ உழும் இக்கால ஏர்கள், தூர்ந்த அகழிகளை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சீவி வருகின்றன. சரளை எடுக்கும் குழிகள் அகழியையும் அடுப்பையும் ஒருங்கே விழுங்கிவிடுகின்றன. கட்டடம் கட்டுமுன் நிலத்தை ஆய்ந்து பார்க்கும் முறையால் சில தப்புகின்றன. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையில் ஏர் என்னும் நகரத்தில் 2015-ஆம் ஆண்டு புதிய பள்ளிக் கட்டடம் எழுமுன் அவ்வாறு அகழ்ந்தனர். முப்பது மீட்டர் இடைவெளியில் இரு வரிசையாக 26 அடுப்புக்குழிகள் வெளிப்பட்டன. முதல் நூற்றாண்டின் படை ஒன்று அங்கே அப்பம் சுட்டிருக்கிறது. தெற்கே இருபது மைல் தொலைவில் கிர்வன் என்னும் இடத்தில் ஒரு பாசறை முன்னரே அறியப்பட்டிருந்தது. அது அப்படையின் ஒரு நாள் நடை. உரோமர் அக்கடற்கரை வழியாகவும் சென்றனர் என்பது இவ்வடுப்புகளால் தெரிய வந்தது. அளந்து, படம் எடுத்து, கரியைச் சேர்த்துக்கொண்டபின், அங்கே பள்ளி கட்டப்பட்டது.